யாரிடம் தொழில் கற்கப்போகிறீர்கள்?

பள்ளியை முடிக்கப்போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வேலைக்குப் போகப்போகிறாயா, சொந்தமாக ஏதாவது செய்யப்போகிறாயா? வீட்டில் அப்பா, "முதல்ல ஒரு வேலையில உட்காரு, மத்ததைப் பிறகு பார்க்கலாம்" என்பார். பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர், "வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள்" என்று பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். வேலை வேறு, தொழில் வேறு என்று முடிவு கட்டிவிட்டுத்தான் இரண்டு பேருமே பேசுகிறார்கள். நிலைத்து நின்ற தொழில்கள் எப்படித் தொடங்கின என்று தேடிப் பார்த்தால் அந்தப் பிரிவினை அவ்வளவு உறுதியாக இல்லை. பிறரிடம் உழைத்துக் கற்ற வருடங்களே பல தொழில்களுக்கு முதல் முதலீடாக இருந்திருக்கின்றன. ஆகவே பதினாறு பதினேழு வயதில், 'என்ன தொழில் தொடங்கலாம்' என்று மண்டையைக் குடைந்துகொள்வதைவிட, யாரிடம், எந்தத் தொழிலை, எந்த இடத்தில் நின்று கற்பது என்று யோசிப்பது பயன் தரும். இந்த அத்தியாயம் அந்த ஒரு கருத்துக்காகத்தான் வாதாடுகிறது.

சிவகாசியை எடுத்துக்கொள்வோம். மழை அடிக்கடி பொய்க்கும் வறண்ட பூமி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்வதைக் கற்றுக்கொள்வதற்கென்றே போனார்கள். சில மாதங்கள் தங்கி வேலையைப் பழகிக்கொண்டு, மறு ஆண்டு ஊருக்கு வந்து தொழிலைத் தொடங்கினார்கள். குச்சியின் முனையில் தோய்த்த மருந்து நன்றாகக் காய வேண்டுமானால் ஈரமில்லாத காற்று வேண்டும். அது சிவகாசியில் வருடத்தின் பெரும்பகுதியும் தாராளமாகக் கிடைத்தது. பயிரைக் கருக்கிய அதே வெயில் தீப்பெட்டிக்கு வசதியானது. பெட்டிமேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்தைக் கையாளத் தெரிந்த ஊர் என்பதால் பட்டாசும் வந்து சேர்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த வெயில் பல நூறு ஆண்டுகளாக அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தொழில் இருப்பதைப் பார்ப்பதற்கு, மருந்து ஏன் காய வேண்டும், காயாவிட்டால் என்ன நஷ்டம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வாய்ப்பு, வாய்ப்பு என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது தொழிலுக்கு உள்ளே நிற்பவன் கண்ணுக்குத்தான் முதலில் படுகிறது.

தொழிலுக்கு உள்ளே நின்று கற்பதை ஓர் ஏற்பாடாகவே நடத்திக் காட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து அவர்கள் நடத்திய வட்டிக்கடைகளில் ஒரு பையன் நேராக முதலாளி ஆகிவிட முடியாது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து எடுபிடி வேலை பார்த்து, கணக்கு எழுதப் பழக வேண்டும். பிறகு அடுத்தாள். அதன்பிறகே ஒரு கடையின் பொறுப்பை ஏற்கும் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குச் சம்பளமும் உண்டு, லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மூன்று ஆண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கை ஒப்படைக்க வேண்டும். இப்படிச் சில தவணைகள் போய் வந்தவர்களில் பலர் பின்னாளில் சொந்தமாகக் கடை வைத்தார்கள். பையனுக்குக் கிடைத்த சம்பளத்தைவிடப் பெரியது, பேரேட்டில் யார் கணக்கு எத்தனை நாள் நிலுவையில் நிற்கிறது என்று தினமும் பார்த்துப் பழகிய கண். ஐந்தொகை போட்டுச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு, ஒரு கடை சிரித்துக்கொண்டே நொடிவதும் முன்கூட்டியே தெரியும்.

பழைய கதைகள் பழைய காலத்துக்குத்தான் பொருந்தும் என்று தோன்றலாம். இன்றைய அமெரிக்காவின் புள்ளிவிவரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ் உள்ளிட்ட நான்கு பொருளாதார ஆய்வாளர்கள், 27 லட்சம் நிறுவனர்களின் தகவல்களை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்க நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பே சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் அப்படிப்பட்ட வெற்றியை எட்டும் வாய்ப்பு, அந்த அனுபவமே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இருபது வயது மேதை கார் ஷெட்டில் உட்கார்ந்து உலகை மாற்றும் சினிமாக் காட்சிக்கும் இந்த எண்களுக்கும் வெகு தூரம்.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அதைத் தொடங்கியது 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு. அதற்கு முன் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கியவர். கிராமங்களில் கண் முகாம் நடத்தி ஆயிரக்கணக்கான கண்புரை நோயாளிகளைப் பார்த்தவர். எங்கே நேரம் வீணாகிறது என்பது அவருக்குக் கைரேகை போலத் தெரிந்திருந்தது. இந்தியாவில் கண் அறுவை மருத்துவர்கள் குறைவு. அந்தக் குறைந்த பேரின் நேரமும் நோயாளியைத் தயார்படுத்துவதிலும் கட்டுப் போடுவதிலும் கரைந்தது. அரவிந்தில் அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் அறுவையை முடிக்கும் நேரத்தில், பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். தயார்படுத்தும் வேலையைச் செய்பவர்கள், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து அங்கேயே பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை அதிகம் என்றதும், 1992-இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்திக்கூடம் வந்தது. கட்டணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்தும் அந்த நிறுவனம் நஷ்டப்படாமல் நிற்பதற்கு அந்த இரண்டு மேசை ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். பல வருடம் அறுவை அரங்கில் நின்ற ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

இதற்கு உடனே வரும் எதிர்வாதம், பில் கேட்ஸ். பத்தொன்பது வயதில், கல்லூரியைப் பாதியில் விட்டு, மைக்ரோசாஃப்ட் தொடங்கினாரே? உண்மை. ஆனால் 1975-இல் நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு ஏழு ஆண்டு அனுபவம் இருந்தது. 1968-லேயே அவர் படித்த பள்ளியில் கணினியோடு இணைத்த டெலிடைப் இருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து நிரல் எழுதிப் பழகியவர் அவர். வயதைப் பார்த்தால் விதிவிலக்கு, அனுபவத்தைப் பார்த்தால் விதிக்குள்தான் வருகிறார். அவர் கல்லூரியை விட்டதை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அந்த ஏழு ஆண்டுகளை ஏனோ சொல்வதில்லை. நம் பக்கத்திலிருந்து இதைவிட வலுவான எதிர் உதாரணம் ஒன்று உண்டு: அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன். 1970-இல், இருபத்தோரு வயதில், 13,000 ரூபாயை வைத்துச் சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டிகளில் விற்க ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் நிறுவனம் எதிலும் வேலை பார்த்துத் தேர்ந்தவர் இல்லை. அப்படியானால் இந்த அத்தியாயத்தின் வாதம் அடிபடுகிறதா? ஓரளவு அடிபடுகிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் தொடங்கிய அளவைப் பாருங்கள். தவறு செய்தால் தாங்கக்கூடிய சிறிய அளவு அது. பெரிய நிறுவனங்களோடு சென்னைக்குள் மோதிக்கொண்டிருக்காமல் கல்லூரி விடுதிகள், கப்பல்கள், பிறகு வெளியூர்ச் சிறு நகரங்கள் என்று மற்றவர்கள் கவனிக்காத இடங்களுக்குப் போனார். பெயர் சொல்லும்படி வளர ஏறக்குறைய பத்தாண்டுகள் பிடித்தன. பிறர் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்காத பாடத்தைச் சொந்தக் காசில், சிறுகச் சிறுகக் கற்றார் என்றுதான் இதைப் படிக்க வேண்டும். அதுவும் ஒரு வழிதான். செலவு அதிகம், அவ்வளவே.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது. தமிழ்நாட்டில் யாராவது 'பிள்ளைகள் தொழில் கற்கட்டும்' என்றால் பலருக்கு 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானது, செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கத்தான் கற்க வேண்டும் என்பது கல்வியே இல்லை. நான் சொல்வது அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. சிவகாசி இளைஞர்கள் அப்பன் தொழிலைக் கற்கவில்லை. ஊரில் இல்லாத ஒன்றைத் தேடி, ஊரைவிட்டுப் போய்க் கற்றார்கள். பிறப்பு விதித்த தொழிலிலிருந்து வெளியேற, தானே தேர்ந்த தொழில் ஒரு வாசல். தவிர, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்று இந்த நூல் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதே சிவகாசியில்தான் குழந்தைகளின் விரல்கள் தீப்பெட்டி அடுக்கிய நீண்ட, வெட்கப்பட வேண்டிய காலமும் இருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்வதற்கு விலக்கு உண்டு. பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களில் வைக்கவே கூடாது. பள்ளி வயதில் செய்ய வேண்டியது பார்ப்பது, கேட்பது, கணக்குப் போடுவது. கைவைப்பது பிறகு.

தலைமைப் பண்பு பற்றியும் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் தலைமையும் தொழில்முனைவும் ஒன்றே என்பதுபோல் எல்லாப் பயிலரங்கிலும் கலந்து பேசுகிறார்கள். வ.உ. சிதம்பரனாரைவிடத் தலைமைக்கு உதாரணம் தேடிப்போக வேண்டாம். 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது, ஒட்டப்பிடாரத்து வக்கீலை நம்பித் தென்னாடு பங்குகளை வாங்கியது. அந்த நம்பிக்கையை வேறு யாராலும் திரட்டியிருக்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் கப்பல்கள் வாடகைக் கப்பல்கள். ஆங்கிலேயர் தரப்பின் நெருக்குதலில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கியதும் கம்பெனி தவித்தது. சொந்தக் கப்பல் வாங்கிய பிறகும், போட்டியாக நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றும், குடையும் தருகிறேன் என்றும் இறங்கியது. பெரிய கையிருப்பு உள்ளவன் மட்டும் தாங்கக்கூடிய சண்டை அது. 1908-இல் அவரைச் சிறையில் தள்ளியதும், கம்பெனியைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை, 1911-இல் மூடப்பட்டது. வீழ்த்தியது அரசின் கொடுமைதான், அதில் சந்தேகமில்லை. அந்தக் கொடுமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மாணவர் கற்க ஒன்று மிஞ்சுகிறது: மக்களைத் திரட்டும் ஆற்றலும், கப்பலுக்கு நிலக்கரி வாங்கப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணிக்கும் ஆற்றலும் தனித்தனி. முதலாவது உள்ளவருக்கு இரண்டாவது தெரிந்த ஒரு கூட்டாளி வேண்டும். ஒருவர் போனாலும் நடத்த இன்னொருவர் வேண்டும். வகுப்புத் தலைவர் பேட்ஜ் குத்திக்கொள்வதால் இந்த இரண்டும் வந்துவிடுவதில்லை.

சரி, பள்ளியிலேயே தொழில்முனைவு கற்பிக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் புத்தாக்கத் திட்டமும் நல்ல முயற்சிகள். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அவற்றிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகள் சில குறிப்பு தருகின்றன. நெதர்லாந்தில் தொழிற்கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஓராண்டு சிறு நிறுவனம் நடத்தும் திட்டத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். திறமைகள் கூடியதாகத் தெரியவில்லை. தொழில்முனைவோர் ஆக வேண்டும் என்ற விருப்பமோ குறைந்துவிட்டது. இதைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு ஒத்துவராது என்று ஒருவர் பத்தொன்பது வயதில், கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டால் அது லாபம். அதே நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்திய சிறு பயிற்சியில் தொழில் அறிவு கூடவில்லை. விடாமுயற்சி, தானாக முன்வருவது போன்ற குணங்கள் கூடின. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. கணக்கு, சந்தை என்று வழக்கமான பாடம் பெற்றவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு இல்லை. தானே முன்கை எடுப்பது, தடை வந்தால் மாற்று வழி தேடுவது ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தொழில் கையில் இருந்தது; அதன்மேல் அந்தக் குணம் வேலை செய்தது.

ஆகவே பள்ளியில் கிடைக்கும் சின்ன வாய்ப்பைக் கூர்ந்து பயன்படுத்துங்கள். பள்ளிச் சந்தையில் ஐந்து பேர் சேர்ந்து சுண்டல் கடை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை, தேங்காய், எண்ணெய், பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். நூறு கப் திட்டம், கப் 10 ரூபாய். எண்பது போனது. 800 வந்தது, 200 லாபம் என்று அன்று சாயங்காலம் எல்லோரும் துள்ளுவீர்கள். இப்போது நோட்டை எடுங்கள். எண்பதில் ஐந்து கப் "நாளைக்குத் தரேண்டா" கணக்கு, அது வராது. கையில் இருப்பது 750. வீட்டு கேஸுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 100. ஐந்து பேர் மூன்று மணி நேரம் நின்றீர்கள். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. அம்மா முதல் நாள் இரவு கடலையை ஊறவைத்ததும், பள்ளி இடத்துக்கு வாடகை கேட்காததும் இன்னும் கணக்கில் ஏறவில்லை. மூன்று மணிக்கே கூட்டம் குறைந்ததைப் பார்த்து, மீதி இருபது கப்பை ஐந்து ரூபாய்க்குக் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னது, யார் ஒப்புக்கொள்ள மறுத்தது, கடைசியில் அண்டாவைக் கழுவ யார் நின்றது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். குழுவில் யார் தலைவர் என்று அந்தப் பக்கம் உங்களுக்குச் சொல்லும். பல சமயம் மைக் பிடித்தவர் பெயர் அதில் இருக்காது.

கடைசியாக ஓர் அச்சம். மாதம் பிறந்தால் சம்பளம் என்று பழகிவிட்டால் துணிச்சல் செத்துவிடாதா? சிலருக்குச் செத்துவிடும், அவர்கள் சம்பளத்திலேயே நிம்மதியாக இருக்கட்டும், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு, எந்த நாற்காலியில் உட்கார்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் பொருட்களைச் சிறு சாஷேக்களில் அடைத்து விற்கும் முறையைத் தொடங்கியவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலில் இருந்துவிட்டு, 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்த ஷாம்பூவின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார். பழக்கம் பிடித்ததும், சிக் காலி சாஷேக்கு மட்டும்தான் என்று மாற்றினார். பெட்டிக்கடையில் சரக்கு எப்படி நகர்கிறது என்று தெரிந்த இடத்திலிருந்து வந்த யோசனை அது. எனவே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு இதையும் பாருங்கள்: கொள்முதல், கிட்டங்கி, வசூல், வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் கவுண்டர் ஆகிய இடங்களில் முழுத் தொழிலும் கண்ணுக்குத் தெரியும். பெரிய நிறுவனத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை கூடுதலாகச் சம்பளம் தரலாம், தொழிலைக் காட்டாது. ஸ்ரீதர் வேம்புவும் 1996-இல் இன்று சோஹோ என்று அறியப்படும் நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் குவால்காமில் வேலை பார்த்தவர்தான். சோஹோ இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தே பயிற்சி தருகிறது.

முதல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழி இன்னும் அவசியம். பதினெட்டு வயதுக்கு முன் நீங்கள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதுவரை உங்கள் பெயரில் யாரும் கடன் தரமாட்டார்கள். பத்து வயது நிரம்பினாலே சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதை இப்போதே தொடங்கலாம். பதினெட்டுக்குப் பிறகு மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியத்தோடு கடன் தரும் திட்டங்கள் இருக்கின்றன. வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம், புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் என்று ஒவ்வொன்றும் கேட்கும் வயதும் படிப்பும் வேறு வேறு. தொகையும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கையைப் புரட்டும் வங்கி மேலாளர், இந்தத் தொழிலில் எத்தனை வருடம் இருந்தீர்கள், சரக்கு யாரிடம் வாங்குவீர்கள், அவர் எத்தனை நாள் கடன் தருவார் என்று கேட்பார். மூன்று வருடம் ஒரு கடையில் கொள்முதல் பார்த்தவருக்கு மூன்றாவது கேள்விக்கான பதில், மொத்த வியாபாரியின் பெயரோடும் செல்பேசி எண்ணோடும் சட்டைப்பையிலேயே இருக்கும்.